மேலே சிவப்பு, கீழே பச்சை

ஒன்பது அகவையில் நான் கொடுத்த வாக்கொன்றை அறுபத்தாறாம் அகவையில் மீறப்போகிறேன். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுவதே முறை.

என் தாய்மாமன் மறைந்து ஈராண்டாகிறது. இளமையில் அவர் தொடர்வண்டி ஓட்டுநர் பணிக்கு எழுத்துத் தேர்வில் வென்றார். மருத்துவச் சோதனை ஒன்றே எஞ்சியிருந்த நிலையில், வேண்டாம் என்று ஊர் திரும்பிவிட்டார். ஏன் என்பதற்கு எங்கள் உறவினரிடையே ஒரு விளக்கம் நெடுங்காலமாக உலவுகிறது. பெரிய எந்திரத்தை அருகில் கண்டதும் அஞ்சிவிட்டார் என்பதே அது. அவருடைய பதினாறாம் நாள் பந்தியில்கூட ஒருவர், "ரயிலு ஊதனதுக்கே ஊரு வந்து சேந்த மனுசன்" என்று சொல்ல, இலைகளின்மேல் குனிந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மறுத்துச் சொல்ல அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. சென்ற திங்களில் கண் மருத்துவர் ஒருவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பிறகு, அந்த வாக்கை எதன்பொருட்டுக் கொடுத்தேன் என்பதே எனக்கு வேறாகத் தெரிகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்நாளில் செஞ்சிக்குத் தொடர்வண்டி இல்லை. இன்றும் இல்லை. பாதை வருகிறது என்ற பேச்சு மட்டும் என் பிறப்புக்கு முன்பிருந்தே வந்துகொண்டிருக்கிறது. ஆதலால் தொடர்வண்டி என்பது எனக்குக் கண்ணால் கண்ட பொருள் அன்று. அது மாமாவின் அறையில், மரப்பலகையின்மேல், ஒரு சாண் நீளத்தில் நின்ற பொருள்.

மாமா என் அன்னைக்கு இளையவர். எங்கள் வீட்டிலேயே தங்கிப் படித்தவர். சென்னையில் பழம்பொருள் விற்கும் கடையொன்றில் ஒரு சிறிய எந்திரத்தை வாங்கிவந்திருந்தார். வார்த்த உலோகம். கரும்பச்சை உடல், விலாவில் பொன்னிறத்தில் ஓர் எண், அதன்கீழ் முடியளவு மெல்லிய பொன்வரை. சூளையில் சுட்டு ஏற்றிய வண்ணம் அது என்பார். எந்திரத்தின் பின்னே ஒரு பயணிகள் பெட்டி. அது நெகிழி. சட்டத்தில் கோத்து வந்த உறுப்புகளைப் பிரித்து ஒட்டி அவரே அமைத்தது. எந்திரத்துக்கு இணையாக இருக்கட்டும் என்று, பச்சை எனப் பெயர் ஒட்டிய டப்பாவைக் கேட்டு வாங்கி அதற்கு வண்ணம் பூசியிருந்தார்.

மாலைகளில் எங்கள் முற்றம் நிலையமாகும். நான் கைகாட்டி மரம். கையைக் கிடைமட்டமாக நீட்டினால் எந்திரம் நிற்கவேண்டும், தாழ்த்தினால் புறப்படவேண்டும். மாமா மண்ணில் மண்டியிட்டு எந்திரத்தைத் தள்ளிவருவார். என் கையை அவர் ஒருமுறையும் மீறியதில்லை. "நான் ஓட்டற மொத வண்டியில உன்னத்தான் ஏத்துவேன், பாப்பா" என்பார். சென்னையில் மருத்துவச் சோதனைக்கு வரும்படி அவருக்கு அழைப்பு மடல் வந்த நாளிலிருந்து அந்தப் பயணம் எனக்குத் தொடங்கிவிட்டது. மார்கழிக் காலைகளில் எங்கள் கோட்டைமலையான இராசகிரியின் மேற்பாதி மட்டுமே இருக்கும். கீழ்ப்பாதியைப் பனி எடுத்துப் போயிருக்கும். அந்தப் பனிக்குள் பச்சை எந்திரம் ஓசையின்றி வளைந்து போகும். மலையெங்கும் சிதறிக் கிடக்கும் பெரும்பாறைகள், எந்தக் காலத்திலோ அந்த வண்டி இறக்கிவிட்டுப் போன சரக்குகள் என்று நம்பினேன். திண்டிவனம் சாலையில் பேருந்து ஒலியெழுப்பினால்கூட எழுந்து உட்கார்வேன்.

சோதனைக்கு ஒரு கிழமை இருக்கையில் பொங்கல் வந்தது. மாமா நண்பர்களைக் காணத் திண்டிவனம் போயிருந்தார்.

மாட்டுப் பொங்கலன்று எதிர்வீட்டு உழவர் தம் இணைக்காளைகளைக் கழுவி நிறுத்திக் கொம்புகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். இரும்புக் கதவுக்கு அடித்து மிஞ்சிய வண்ணம். செங்கல்லைத் தண்ணீரில் நனைத்தாற்போன்ற கருஞ்சிவப்பு. நான் வாய்பார்த்து நின்றேன்.

"இன்னா பாக்கற? உங்க வூட்ல கொம்பு எதுவும் இல்லியா?"

"மாடே இல்ல" என்றேன்.

"ஆமா, உங்க நைனா பள்ளிக்கூடத்துப் பசங்களத்தான மேய்க்கிறாரு. போயி அதுங்க கொம்புக்கு அடி." சிரித்துக்கொண்டே, அடியில் கொஞ்சம் வண்ணம் மிஞ்சிய கொட்டாங்கச்சியையும் தேய்ந்த தூரிகையையும் என்னிடம் நீட்டினார்.

நான் அதை ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் வந்து நின்றேன். நமக்காகச் சுமை இழுக்கும் உயிருக்கு நன்றி சொல்லும் நாள் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் இழுப்பது என்று ஒன்றுதான் இருந்தது. முதலில் புகைபோக்கிக்குப் பூசினேன். அதுதான் கொம்பு. பிறகு கொம்பு மட்டும் சிவந்து உடல் பச்சையாய் நிற்பது பொருந்தவில்லை என்று பட்டது. உடல் முழுதும் பூசினேன். பெட்டி கன்று அல்லவா, அதை விட்டுவிட்டால் வருந்தும் என்று அதற்கும் பூசினேன். ஒரு சாமந்திப்பூவை இடையில் செருகினேன். பொன்னெண் மறைந்துபோனதை அதற்குப் பிறகே கண்டேன். அறையைச் சாத்திவிட்டு, காய்ச்சல் வந்தவள்போல் பாயில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தி சாயும் வேளையில் மாமா வந்தார். அறைக்குள் போனார். பிறகு என்னை அழைத்தார். எந்திரத்தைக் கையில் வைத்துச் சாளரத்தின் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குடி இதும்மேல பெயிண்ட் அடிச்ச?"

"மாட்டுப் பொங்கலு" என்றேன்.

அவர் முகம் கோணியது. சினமா சிரிப்பா என்று அந்த மங்கலில் தெரியவில்லை. "நம்பர மறச்சிட்ட. எப்பிடி வழிஞ்சிருக்குது பாரு. நல்லவேள, அதே கலரத்தான் அடிச்சிருக்குற, அந்த மட்டும் பொழச்சேன்."

அந்தச் சொற்களைப் பேரருள் என்று எடுத்துக்கொண்டேன். என் அச்சத்தைக் கண்டு, பெரிய குற்றத்தைச் சிறியதாக்கிச் சொல்கிறார் என்று எண்ணினேன். என் அன்னை எட்டிப் பார்த்தபோதும், "பழைய பெயிண்ட எடுக்கப் போறேன்க்கா, வேற ஒண்ணும் இல்ல" என்று மறைத்தார். உலகில் என் மாமாவைப்போல் ஒருவர் இல்லை என்று அன்றிரவு உறங்கினேன்.

மறுநாள் காலை கொல்லையில், முருங்கை மரத்தடியில் வேலை தொடங்கிற்று. இத்தகைய சிறு உருக்களிலிருந்து வண்ணத்தை எப்படி நீக்குவது என்று ஏதோ ஒரு வெளிநாட்டு இதழிலிருந்து மாமா ஒரு குறிப்பேட்டில் படியெடுத்து வைத்திருந்தார். இரும்புக்கடையில் தின்னர் என்று கேட்டால் தரும் கரைப்பான் ஒரு புட்டி. பேருந்துப் பணிமனையில் கேட்டு வாங்கிய பிரேக் ஆயில் ஒரு குவளை. பழைய பல்துலக்கி, பனியன் துணி. கைகளில் நெகிழிப் பைகளை மாட்டி மணிக்கட்டில் நூலால் கட்டிக்கொண்டார்.

"பாப்பா, நீ காத்து வர்ற பக்கம் நில்லு. மோந்து பாக்காத. அக்கா, அடுப்பு எரியுதா?"

"எரியாம? உனக்குச் சோறு வேணாமா?" என்றார் உள்ளேயிருந்து அன்னை.

"அத அணைச்சிட்டுச் சொல்லு. அப்பறமாத்தான் புட்டியத் தொறப்பேன். இது சட்டுனு பத்திக்கும்."

"ரெண்டு பொம்மைக்கு எங்க வூட்டு அடுப்ப அணைக்கச் சொல்ற மொத ஆளு நீதான்டா. ரயிலு ஓட்டப் போனா ஊரு அடுப்பெல்லாம் அணைக்கச் சொல்லுவ போல."

அடுப்பு அணைந்தது. நான் பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டி, இதை முதலில் தின்னரில் முக்கலாமா என்று கேட்டேன். அவர் சட்டென்று என் கையைத் தடுத்தார். பெட்டியின் உறுப்புகள் கோத்து வந்த நெகிழிச் சட்டத்தின் மிச்சத்திலிருந்து ஒரு துண்டை ஒடித்துச் சிறிது தின்னரில் போட்டார். சற்று நேரத்தில் குச்சியால் தூக்கினார். அத்துண்டு மெழுகுபோல் வளைந்து, நூல்நூலாக இழுபட்டது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பாத்தியா? எந்திரத்துக்கு இது மருந்து, பொட்டிக்கு வெஷம். எது எதுக்கு ஆவும்னு தெரியாம கைய வெக்கக் கூடாது. மொதல்ல கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒரு சொட்டு வுட்டுப் பாக்கணும்."

அப்படியே செய்தார். பெட்டியின் அடிப்புறத்தில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் விட்டு, பொறுத்துப் பார்த்து, நெகிழி உறுதியாக இருப்பதை நகத்தால் தட்டித் தெரிந்தபின், பெட்டியை ஊறுகாய்ச் சாடிக்குள் வைத்து அது மூழ்கும்வரை ஊற்றி மூடினார். நாளை வரை அது உறங்கட்டும், பெட்டிக்கு நான் பூசியதும் போகும் அவர் பூசியதும் போகும், திரும்பப் பூசிக்கொள்ளலாம் என்றார்.

எந்திரம்தான் கடினம். அதன் பழைய வண்ணமும் பொன்னெண்ணும் திரும்பக் கிடைக்கா. மேலுள்ள பூச்சை மட்டும் எடுக்கவேண்டும்.

"நீ அடிச்சது ரெண்டு நாளு புள்ள. தொட்டாலே வந்துடும். கீழ இருக்கறது சுட்டது, கொஞ்சம் தாங்கும். ரொம்ப நேரம் தேச்சா அதுவும் பூடும். இதுல இன்னா கஷ்டம்னா, மேலயும் பச்ச, கீழயும் பச்ச. எங்க நிறுத்தறதுன்னு தெரியாது. நம்பரு தெரியற எடத்துல கைய எடுத்துடணும்."

"மேல செவப்பு, மாமா" என்றேன்.

"ஏய், வெளையாடாத."

"நீதான் வெளையாடற. செவப்புதான். எதிர்வூட்டு மாட்டுக் கொம்புக்கு அடிச்சது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். துணியைத் தின்னரில் நனைத்து எந்திரத்தின் முதுகில் ஒருமுறை இழுத்தார். துணி சிவந்தது. அதன்கீழிருந்து பச்சை ஒரு கோடாக எழுந்தது. என் நெஞ்சு குளிர்ந்தது. பனிக்குள்ளிருந்து வண்டி வெளிப்படுவதுபோல் இருந்தது.

"பச்ச வந்துடுச்சி, மாமா."

"எங்க?"

நான் விரலால் காட்டினேன். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். அதன் இருமருங்கையும் பார்த்தார். எந்திரத்தை வெயிலுக்குத் திருப்பினார், நிழலுக்குத் திருப்பினார். பிறகு துணியைத் தூக்கிப் பிடித்தார்.

"அக்கா, இந்தத் துணியில இன்னா கலரு?"

அன்னை சமையலறை வாயிலிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். "செங்கல் கலரு. துவைக்கப் போறவ நானு, எனக்குத் தெரியாதா? அந்த மொறத்துல இருக்கற மொளகாயில மட்டும் அத சிந்திக் கெடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொல்லையில் பறித்த மிளகாய் ஒரு முறத்தில் கிடந்தது. பச்சையும் பழமும் கலந்தது. மாமா அந்த முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த பைகளைக் கழற்றி, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்து முறத்தின்முன் அமர்ந்தார். அவ்வளவு பொறுமையாக அவர் கை கழுவியதை அதற்குமுன் நான் கண்டதில்லை.

"ஒரு பந்தயம் பாப்பா. பழுத்தத மட்டும் பொறுக்கணும். தொட்டு அமுக்கிப் பாக்கக் கூடாது. பாத்து எடுக்கணும். நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்."

நான் கண்மூடித் திறப்பதற்குள் என் பங்கை முடித்துவிட்டேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து உயர்த்திப் பார்த்து, வைத்து, மீண்டும் எடுத்து வைத்தார். அவர் குவியலைப் பார்த்தேன். பழமும் பச்சையும் சரிபாதியாகக் கிடந்தன. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டேன்.

"எத்தினி தப்பு?"

"பாதி தப்பு, மாமா."

"இன்னொரு தடவ."

இரண்டாம் முறை இன்னும் மெதுவாகப் பொறுக்கினார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. இம்முறையும் அப்படியே. நான் கை தட்டினேன்.

"நீ வேணும்னே தோக்கற."

அவர் என்னைப் பார்த்தார். "ஆமாண்டி" என்றார். "வேணும்னேதான்."

பிறகு பைகளை மாட்டிக்கொண்டு எந்திரத்திடம் திரும்பினார். இப்போது துணி வேகமாகப் போயிற்று. சிவப்பு உரிந்தது. பொன்னெண் தெரிந்தது, முழுதாக, ஒரு கீறலுமின்றி. "நம்பரு வந்துடுச்சி, மாமா" என்றேன். துணி நிற்கவில்லை. பொன்வரை மங்கிற்று. எண் கரைந்து துணியில் ஒரு மினுக்காகத் தங்கிற்று. "மாமா, பச்சயும் போவுது." அவர் கேட்டதாகவே தெரியவில்லை. வழக்கம்போல் கையைக் கிடைமட்டமாக நீட்டி அவர் முன்னால் நின்றேன். நான் நிற்கச் சொல்லி அவர் நிற்காமல் போனது அந்த ஒருமுறைதான்.

கடைசியில் எந்திரம் வெறும் உலோகமாக, வெள்ளியைப்போல் வெயிலில் மின்னிற்று. எனக்கு அது முன்னினும் அழகாகப் பட்டது. மாமாவின் கண்கள் சிவந்து நீர் கோத்திருந்தன. தின்னர் கண்ணில் பட்டால் எரியும் என்று அவரே சொல்லியிருந்தார். ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை முகத்தில் அடித்துக்கொண்டு, எஞ்சிய கரைப்பானை இறுக மூடி, துணிகளைச் சுவரோரம் காற்றில் விரித்துக் காயவைத்தார். அந்த நிலையிலும் எதையும் அவர் கவனமின்றிச் செய்யவில்லை.

"பாப்பா, இன்னிக்கு நடந்தத யாருகிட்டயும் சொல்லாத."

"அம்மாகிட்டகூடவா?"

"யாருகிட்டயும். எப்பவும்."

அவர் நீட்டிய உள்ளங்கையில் அடித்து வாக்குக் கொடுத்தேன். என்னைக் காக்கிறார் என்று மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் சாடியைத் திறந்தோம். பெட்டியின் வண்ணம் பாம்பின் சட்டைபோல் தளர்ந்து கழன்றது. சவர்க்கார நீரில் கழுவியதும் பால்வெள்ளை நெகிழி ஒரு சிதைவுமின்றி வெளிவந்தது. குறிப்பேட்டில் எழுதியிருந்த அனைத்தும் சரியாகவே நடந்தன. அதற்கு மாமா மீண்டும் வண்ணம் பூசவில்லை.

சோதனை நாளன்று அன்னை கட்டிக்கொடுத்த தயிர்ச்சோற்றுடன் மாமா பேருந்தேறினார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். திண்டிவனம் நிலையத்தில் பகல் முழுதும் வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சென்னைக்குப் போகவே இல்லை. "ஊர வுட்டுப் போவ மனசு வரலக்கா" என்றார். என் தந்தை, "கையில வந்தத காலால தள்ளிட்டு வந்து நிக்கறான் பாரு" என்றவர், ஓராண்டு அவருடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் சினம். என்னை ஏற்றிச் செல்வதாகச் சொன்ன வண்டியை அவர் பொய்யாக்கிவிட்டார் என்று, முற்றத்தில் கைகாட்டி மரமாக நிற்பதை அன்றோடு விட்டேன். அவரும் அழைக்கவில்லை.

பின்னாளில் அவர் கடைத்தெருவில் வாடகை மிதிவண்டிக் கடை வைத்தார். கடையில் இருந்த அத்தனை வண்டிகளுக்கும் கறுப்பே பூசியிருந்தார். "இன்னா மாமா, எழவு வூடு மாதிரி, ஒண்ணுக்காவது செவப்பு அடிக்கலாம் இல்ல?" என்று கல்லூரியில் படிக்கையில் ஒருமுறை கேட்டேன். "கறுப்புல அழுக்கு தெரியாதுடி" என்றார்.

சென்ற திங்களில் என் மகளின் மகனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தோம். கப்பற்பணிப் படிப்பில் சேர விரும்பியவன். நிறப்புள்ளிகள் நிறைந்த ஏட்டில் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். அவனால் முடியவில்லை. பார்வையில் குறை ஏதுமில்லை, சிவப்பும் பச்சையும் மட்டும் பிரிந்து தெரியவில்லை என்றார் மருத்துவர். பிறவியிலேயே இருப்பது, இதுவரை அவனுக்கே தெரியாமல் இருந்ததில் வியப்பில்லை, தாய்வழியில் வருவது என்று விளக்கிவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்க கூடப்பொறந்தவங்க, தாய்மாமா, இப்படி யாருக்காவது இருந்துச்சா?"

அந்த அறையில் அப்போது தின்னர் மணத்தது. முருங்கை நிழலில் ஒரு முறமும் இரண்டு குவியல்களும் இருந்தன.

தன் கண்ணைப் பற்றி மாமா அறிந்துகொண்டது அந்தக் காலையில்தான். அறிவித்தவள் நான். அவர் வேண்டுமென்றே தோற்கிறார் என்று கைகொட்டிச் சிரித்தவளும் நான். என் குறும்பை அவர் மறைக்கிறார் என்று நம்பி, அவருடைய மறைபொருளை ஐம்பத்தேழு ஆண்டுகள், இன்னதென்று அறியாமலே காத்துவந்திருக்கிறேன். சிவப்பு விளக்கை அடையாளம் காண முடியாதவர் வண்டியில் ஏறலாகாது என்று தானே முடிவு செய்து, பிறர் உயிரைக் காத்து, அதற்கு ஈடாகக் கோழை என்ற பெயரை வாழ்நாள் முழுதும் சுமந்தார் அவர். இதைப் பந்தியில் சிரித்தவர்கள் அறியவேண்டும். அதனினும், கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருக்கும் என் பேரன் அறியவேண்டும்.

எந்திரமும் பெட்டியும் இன்று என் மேசையில் உள்ளன. புகைபோக்கியின் உட்புறத்தில், துணி எட்டாத இடத்தில், நான் பூசியது இன்னும் ஒட்டியிருக்கிறது.

நெடுங்காலம் கடந்து எழுதுவதால் பிழைகள் இருக்கக்கூடும். கரைப்பான்களின் பெயரிலோ, செய்முறையிலோ, கண்ணைப் பற்றிய விளக்கத்திலோ நான் தவறியிருந்தால் அறிந்தவர்கள் அன்புகூர்ந்து திருத்துக. மாமாவுடன் பழகியவர்கள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், பிற்காலத்தில் அவர் எப்போதாவது தொடர்வண்டியில் ஏறிப் பயணம் செய்தாரா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். ஏறவில்லை என்றே இதுவரை எண்ணியிருக்கிறேன். அது பிழையாயின் மகிழ்வேன்.